அமெரிக்காவில் பழைய பிக்கப் வாங்குவோருக்கு: சுருக்கெழுத்துகளைப் படிக்க ஒரு வழிகாட்டி

"2018 அரை டன், சி.சி.எஸ்.பி., 4×4, 3.55 லாக்கர், லெவல் செய்து 33 போட்டது, டோ பேக்கேஜ், ப்ளூ டைட்டில், 24,500 ஓ.பி.ஓ."

ஹூஸ்டனுக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டில், குடும்பத்தோடு முகாமிட ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கினோம். அதை இழுக்கப் பழைய பிக்கப் தேடியபோது பார்த்த விளம்பரங்கள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. ஆண்டும் விலையும் தவிர எனக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு விற்பனை நிலையத்துக்குத் தொலைபேசியிலேயே 500 டாலர் முன்பணம் கட்டினேன். நேரில் போய் ஓட்டுநர் கதவைத் திறந்த பிறகுதான் அந்த வண்டி எங்கள் டிரெய்லரைத் தாங்காது என்று தெரிந்தது. முன்பணம் திரும்பி வரவில்லை. சரியான வண்டி கிடைக்க ஐந்து மாதம் ஆனது.

அந்த ஐந்து மாதத்தில் கற்றதை, வண்டியைத் தேடும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். விளம்பரத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் வண்டியிலோ பத்திரத்திலோ ஓர் இருப்பிடம் உண்டு. அங்கே போய்ப் பார்க்காமல் எந்தச் சொல்லையும் நம்பாதீர்கள். வரி, பதிவு பற்றிய விவரங்கள் டெக்சஸ் மாநிலத்துக்கு உரியவை. மற்றவை எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்.

1. கேபினும் பெட்டும்

விளம்பரத்தில் வரும் நான்கெழுத்துச் சுருக்கத்தில் முதல் இரண்டு எழுத்து ஆள் உட்காரும் கேபினையும், அடுத்த இரண்டு பெட் எனப்படும் பின்புறச் சரக்குத் தொட்டியையும் குறிக்கும்.

ஆர்.சி. என்றால் ரெகுலர் கேப்: இரண்டு கதவு, ஒரே வரிசை இருக்கை. இ.சி. என்றால் எக்ஸ்டெண்டட் கேப்: பின்னால் ஒடுக்கமான இருக்கை உண்டு, பெரியவர்கள் நெடுந்தூரம் உட்கார முடியாது. சி.சி. என்றால் க்ரூ கேப்: நான்கு முழுக் கதவுகள், பின்வரிசையும் விசாலமானது. எஸ்.பி. குட்டைத் தொட்டி, எல்.பி. எட்டடித் தொட்டி. ஆகவே சி.சி.எஸ்.பி. என்பது நான்கு கதவும் குட்டைத் தொட்டியும் கொண்ட வண்டி. குடும்பத்துக்கு வாங்குவோர் பெரும்பாலும் தேடுவது இதைத்தான். குட்டை என்பது எத்தனை அடி என்று மட்டும் கேட்டுவிடுங்கள். ஐந்தரை அடியையும் ஆறரை அடியையும் இதே பெயரால் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே கேபினுக்கு நிறுவனத்துக்கு ஒரு பெயர். ஃபோர்டு எஃப்-150இல் சூப்பர்கேப் என்பது சிறியது, சூப்பர்க்ரூ என்பது பெரியது, எஸ்.சி. என்று யாராவது சுருக்கினால் இரண்டில் எது என்று கேளுங்கள். செவர்லே சில்வராடோவில் டபுள் கேப் சிறியது, க்ரூ கேப் பெரியது. ராம் வண்டியில் க்வாட் கேப், க்ரூ கேப், மெகா கேப் என்று அளவு ஏறிக்கொண்டே போகும். டொயோட்டா இன்னும் குழப்பும்: டகோமாவில் டபுள் கேப்தான் பெரியது; டன்ட்ராவில் அதே பெயர் சிறியதற்கு, பெரியதற்குக் க்ரூமேக்ஸ் என்று பெயர். குழந்தைகளுக்கான கார் இருக்கை பொருத்துவதாக இருந்தால் பின்கதவைத் திறந்து எடுத்த படத்தை முதலில் கேட்டு வாங்குங்கள்.

2. அரை டன், முக்கால் டன், ஒரு டன்

இவை வெறும் வகைப் பெயர்கள். எடைக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500, டன்ட்ரா ஆகியவை அரை டன். 250, 2500 என்று எண் போட்டவை முக்கால் டன். 350, 3500 ஒரு டன். இன்றைய அரை டன் வண்டிகள் பெயர் சொல்வதைவிட அதிகமாகவே சுமக்கும்.

ஒரு டன் வண்டிகளில் எஸ்.ஆர்.டபிள்யூ., டி.ஆர்.டபிள்யூ. என்ற சுருக்கங்களும் வரும். பின்அச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் என்றால் முன்னது, இரண்டிரண்டு என்றால் பின்னது. பின்னதை எல்லோரும் டூவலி என்றுதான் அழைக்கிறார்கள். டூவலி வாங்கினால் ஆறு டயர் மாற்ற வேண்டும். சாதாரண வாகன நிறுத்தத்தில் நுழைப்பதும் சிரமம்.

3. ஓட்டுநர் கதவைத் திறங்கள்: இரண்டு ஸ்டிக்கர்

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் போதும். என் 500 டாலர் போனது இது தெரியாததால்தான்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் இரண்டு ஸ்டிக்கர்கள் தெரியும். ஒன்றில் ஜி.வி.டபிள்யூ.ஆர்., ஜி.ஏ.டபிள்யூ.ஆர். என்ற எண்கள் இருக்கும். முதலாவது, ஆள், எரிபொருள், சரக்கு எல்லாம் சேர்த்து அந்த வண்டி எட்டக்கூடிய உச்ச எடை. இரண்டாவது, முன்அச்சும் பின்அச்சும் தனித்தனியே தாங்கும் எடை.

மற்றொன்று டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கர். அதில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்தான் பேலோட். ஆலையிலிருந்து வெளிவந்த நிலையில் அந்த ஒரு வண்டிக்கென்றே கணக்கிட்ட எண் அது. அதே ஆண்டில் வந்த அதே மாடலின் இன்னொரு வண்டியில் சில நூறு பவுண்டு கூடவோ குறையவோ இருக்கும். கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், மின்சாரப் படிக்கட்டு என வசதிகள் ஏறும்போது வண்டியின் சொந்த எடை கூடி, பேலோட் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். சொகுசான வண்டி குறைவாகச் சுமப்பது இதனால்தான்.

நான் முன்பணம் கட்டிய வண்டியின் விளம்பரம் "11,000 பவுண்டு இழுக்கும்" என்றது. அதன் ஸ்டிக்கரில் இருந்த பேலோட் 1,180 பவுண்டு, அதாவது சுமார் 535 கிலோ. என் கணக்கைப் பாருங்கள்.

நாங்கள் நால்வரும் சேர்ந்து 435 பவுண்டு. தொட்டியில் வைக்கும் பொருள்கள் 100. எடையைப் பகிரும் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு பிணைக்கும் கருவி) 90. பொருள்கள் ஏற்றிய டிரெய்லர் 6,000 பவுண்டு. அதன் முன்முனை ஹிட்ச் மீது இறக்கும் எடையான டங் வெயிட், 13 விழுக்காடு என்று வைத்தால் 780. மொத்தம் 1,405. தாங்கும் அளவைவிட 225 பவுண்டு அதிகம். விளம்பரம் சொன்ன இழுவைத் திறனில் பாதியளவு டிரெய்லர்தான், அதற்குள் பேலோட் தீர்ந்துவிட்டது.

டங் வெயிட் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல ஆடத் தொடங்கும். தொட்டிக்குள் பொருத்தும் ஃபிப்த் வீல், கூஸ்நெக் வகைகளுக்கு இது 15 முதல் 25 விழுக்காடு. இந்த எடை முழுவதும் பேலோட் கணக்கில்தான் சேரும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பலருக்குத் தெரியாது என்றும் நினைக்கிறேன்.

ஜி.சி.டபிள்யூ.ஆர். என்பது வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை. இது கதவில் இருக்காது. அந்த ஆண்டுக்குரிய இழுவைக் கையேட்டில் இருக்கும். நிறுவனங்கள் இழுவைத் திறனைக் கணக்கிடும் பொதுவான முறை, வண்டியில் தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டும் இருப்பதாகக் கொள்கிறது. உங்கள் பிள்ளைகளும் குளிர்பெட்டியும் அந்தக் கணக்கில் இல்லை.

முக்கால் டன் டீசல் வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும் என்றும் நம்பிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றின் ஜி.வி.டபிள்யூ.ஆர். 10,000 பவுண்டில் நிறுத்தப்பட்டிருக்கும். டீசல் எஞ்சின் கனமானது என்பதால் மிச்சமாகும் பேலோட் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும். 10,000 பவுண்டைத் தாண்டிய வண்டிகளில் பேலோட் வரி கொண்ட ஸ்டிக்கர் இல்லாமலும் போகலாம். அப்போது லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையத்தில் எடை போட்டு, அதை ஜி.வி.டபிள்யூ.ஆர்.இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் கூண்டு, கருவிப்பெட்டி, இரும்பு பம்பர் என்று பொருத்தியிருந்தாலும் எடை போடுவதே சரி, ஏனென்றால் ஸ்டிக்கருக்கு அவை தெரியாது.

இரண்டு ஸ்டிக்கரின் படத்தையும் கேட்டு வாங்கிய பிறகே வண்டி பார்க்கக் கிளம்புங்கள். படம் அனுப்ப மறுப்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

4. டோ பேக்கேஜும் அச்சு விகிதமும்

பின்னால் ஹிட்சைச் செருகும் சதுரக் குழாயான ரிசீவர் இருந்தால் "டோ பேக்கேஜ் உண்டு" என்று எழுதிவிடுகிறார்கள். ரிசீவரை எந்தக் கடையிலும் பொருத்தலாம். ஆலையிலேயே வந்த டோ பேக்கேஜில் ஏழு முனை மின்இணைப்பு இருக்கும். கியர்பெட்டி எண்ணெய்க்குக் கூடுதல் குளிர்விப்பான், பொருத்தமான அச்சு விகிதம், டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி ஆகியவற்றில் சிலவோ எல்லாமோ சேர்ந்திருக்கும். வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைக் கொடுத்து, வண்டி வெளிவந்தபோது என்னென்ன பொருத்தப்பட்டன என்ற பட்டியலைக் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் விற்பனை நிலையத்துச் சேவைப் பிரிவில் எடுத்துக் கொடுப்பார்கள்.

3.21, 3.55, 3.73, 4.10 என்று வரும் எண்கள் அச்சு விகிதம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பெட்டியிலிருந்து அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது அதன் பொருள். எண் பெரிதானால் இழுவை கூடும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். எஞ்சின் ஒன்றாகவே இருந்தாலும் இந்த எண்ணை வைத்து இழுவைத் திறன் ஆயிரக்கணக்கான பவுண்டு மாறக்கூடும்.

பக்கத்திலேயே லாக்கர், எல்.எஸ்.டி., ஓப்பன் என்று எழுதியிருப்பார்கள். சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கும்போது மற்றச் சக்கரத்துக்கும் விசை போகுமா என்பதைச் சொல்லும் சொற்கள் இவை. ஓப்பன் என்றால் போகாது, எல்.எஸ்.டி. ஓரளவு அனுப்பும், லாக்கர் இரண்டையும் பூட்டிவிடும். செவர்லே, ஜி.எம்.சி. வண்டிகளில் ஜி80 என்ற குறியீடு இருந்தால் பூட்டும் வகை அச்சு என்று பொருள்.

5. 4×4 என்று எழுதியிருந்தால்

4×4 என்றால் நான்கு சக்கர இயக்கம். உள்ளே 2எச் (இரண்டு சக்கரம்), 4எச் (நான்கு சக்கரம்), 4எல் என்று தேர்ந்தெடுக்கும் பிடியோ திருகோ இருக்கிறதா என்று பாருங்கள். 4எல் கரடுமுரடான இடத்தில் மெதுவாக ஏறி இறங்க. தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றும் பகுதிநேர வகை வண்டியில் 4எச் நிலையை உலர்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது. திரும்பும்போது உறுப்புகள் ஒன்றையொன்று இறுக்கிச் சேதமாகும். சோதனை ஓட்டத்தில் மண்தரையிலோ சரளைக்கல்லிலோ மூன்று நிலைகளையும் போட்டுப் பாருங்கள்.

டகோமா விளம்பரத்தில் ப்ரீரன்னர் என்று இருந்தால் அது இரண்டு சக்கர இயக்கம்தான். உயரமும் தோற்றமும் 4×4 போலவே இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். அதுபோலவே இசட்71, எஃப்எக்ஸ்4, டி.ஆர்.டி. ஆஃப்ரோடு என்பவை நிறுவனங்களின் கரடுமுரடுப் பாதைத் தொகுப்புகள். ஆனால் அந்த ஒட்டுப்படங்கள் கடையில் தனியாகவே விற்கின்றன. வின் பட்டியல்தான் சாட்சி.

6. லெவல், லிஃப்ட், 33, 35

பிக்கப்பின் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தே ஆலையிலிருந்து வரும். அதை மட்டும் உயர்த்திப் பின்பக்கத்துக்குச் சமமாக்குவது லெவல். முழு வண்டியையும் உயர்த்துவது லிஃப்ட். 33, 35 என்பவை அங்குலத்தில் டயரின் விட்டம். எல்.டி.275/70ஆர்18 என்ற டயரைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 33 அங்குலம் வரும்.

பெரிய டயர் போட்டால் அச்சு விகிதத்தின் பலன் குறையும், வேகமானி தப்பாகக் காட்டும், பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் தேவைப்படும். இழுவைக்கு வாங்குபவர் லிஃப்ட் செய்த வண்டியைத் தவிர்ப்பதே நல்லது. டயரின் முன்னெழுத்து பி என்றால் பயணிகள் வகை, எல்.டி. என்றால் இலகு டிரக் வகை. லோட் ரேஞ்ச் இ என்பது சி, டி வகைகளைவிடக் கூடுதல் எடை தாங்கும்.

7. டீசல் வண்டி என்றால்

பவர் ஸ்ட்ரோக் என்றால் ஃபோர்டு, டூராமேக்ஸ் என்றால் செவர்லே அல்லது ஜி.எம்.சி., கம்மின்ஸ் என்றால் பெரும்பாலும் ராம். டூராமேக்ஸைத் தலைமுறைக் குறியீட்டால்தான் பேசுவார்கள்: எல்.எம்.எல். என்பது 2011 முதல் 2016 வரை, எல்5பி 2017இலிருந்து.

டி.பி.எஃப். புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. டி.இ.எஃப். என்பது புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க ஊற்றும் 32.5 விழுக்காடு யூரியாக் கரைசல். அதற்குத் தனி மூடி இருக்கும். இ.ஜி.ஆர். புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும்.

"டெலீட் செய்தது" என்ற சொல்லைக் கண்டால் நின்றுவிடுங்கள். இந்த மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றிவிட்டார்கள் என்பது அதன் பொருள். நாட்டின் தூய காற்றுச் சட்டப்படி அதற்குத் தடை உண்டு. பல பணிமனைகள் அத்தகைய வண்டியைத் தொடவே மறுக்கும், பழைய நிலைக்குக் கொண்டுவர ஆயிரக்கணக்கில் செலவாகும். விற்பவர் அதையே ஒரு சிறப்பாகச் சொல்லி விலையை ஏற்றுவார். எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் இதில் சிக்கி இன்னும் மீளவில்லை.

சி.பி.4 என்ற சொல்லையும் கேட்டு வையுங்கள். எல்.எம்.எல். டூராமேக்ஸிலும் 2011 முதலான 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கிலும் வந்த உயர் அழுத்த எரிபொருள் பம்ப் அது. உடைந்தால் உலோகத் துகள்கள் எரிபொருள் அமைப்பு முழுக்கப் பரவி, எல்லாவற்றையும் மாற்ற வைக்கும்.

8. விற்பவரின் சொற்கள்

ஓ.பி.ஓ. என்றால் பேரம் பேசலாம். டி.டி.எல். என்பது வரி, டைட்டில் (உரிமைப் பத்திரம்), பதிவு. "விலை + டி.டி.எல்." என்றால் இவை தனி. ஓ.டி.டி. என்பது எல்லாம் சேர்த்து வாசல் தாண்டும்போது கட்டும் மொத்தத் தொகை. விற்பனை நிலையத்தில் பேசும்போது ஓ.டி.டி. தொகையை எழுத்தில் கேளுங்கள். மாதத் தவணையைப் பற்றி மட்டுமே பேசினால், நடுவில் என்னென்ன சேர்ந்தன என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். பி.பி.ஐ. என்பது வாங்குமுன் நம் செலவில் நமக்கு வேண்டிய மெக்கானிக்கிடம் காட்டுவது. எனக்கு 180 டாலர் ஆனது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சி.இ.எல். என்பது எஞ்சின் எச்சரிக்கை விளக்கு. விற்பதற்கு முன் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு விளக்கை அணைத்துவிட முடியும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி.2 கருவி ஒன்றை வாங்கி இணைத்து, வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் ரெடினஸ் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் நின்றால் அண்மையில் அழித்திருக்கிறார்கள் என்று பொருள் கொள்ளலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படிக் காட்டும். ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) போன்ற இடங்களில் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கட்டாயம் என்பதால், இதைக் கவனிக்காமல் விட்டால் பதிவு நின்றுவிடும்.

9. வின் எண்ணும் டைட்டிலும்

வின் என்பது 17 எழுத்தும் எண்ணுமான அடையாளம். முன்கண்ணாடியின் கீழ் மூலையிலும் கதவு ஸ்டிக்கரிலும் இருக்கும். இரண்டும், டைட்டிலில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். பத்தாவது எழுத்து மாடல் ஆண்டு: எச் என்றால் 2017, ஜே 2018, கே 2019, எல் 2020. திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்பதை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். என்.ஐ.சி.பி.யின் வின்செக் வசதியும் இலவசம். திருட்டு, காப்பீட்டு நிறுவனம் கழித்துக்கட்டியது போன்ற பதிவுகளைக் காட்டும்.

டைட்டில் என்பது உரிமைப் பத்திரம், நம் ஊர் ஆர்.சி. புத்தகம் போல. டெக்சஸில் ப்ளூ டைட்டில் என்று எழுதினால் வில்லங்கம் இல்லை என்று சொல்ல வருகிறார்கள். நிறத்தைப் பார்த்து நிறைவடையாமல் குறிப்புப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். சால்வேஜ் (பெருஞ்சேதம் அடைந்தது), ரீபில்ட் (அப்படிச் சேதமானதைச் சரிசெய்தது), ஃப்ளட் (வெள்ளத்தில் மூழ்கியது) என்ற சொற்கள் அங்கேதான் இருக்கும். கடன் கொடுத்தவர் பெயர் லீன் பகுதியில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான விடுவிப்புக் கடிதம் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது.

ஹூஸ்டன் பகுதியில் 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மூழ்கடித்த வண்டிகள் ஏராளம். காப்பீடு கோராத வண்டியின் வெள்ளச் சேதம் எந்தப் பதிவிலும் ஏறியிருக்காது. இருக்கையின் கீழ்த் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் வண்டல், குளிர்சாதனத்தைப் போட்டதும் எழும் பூஞ்சை வாடை ஆகியவற்றைத் தேடுங்கள்.

10. வரி, கட்டணம், காலக்கெடு

தனியாரிடம் வாங்கினால் 30 நாள்களுக்குள் கவுன்டி வரி அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். தாமதமானால் அபராதம். விற்பவரையும் உடன் அழைத்துப் போங்கள். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் அங்கேயே சரிசெய்துவிடலாம். எடுத்துச் செல்ல வேண்டியவை: விற்பவர் பின்புறம் கையெழுத்திட்ட டைட்டில், இருவரும் கையெழுத்திட்ட 130-யூ படிவம், உங்கள் அடையாள அட்டை, காப்பீட்டுச் சான்று. பெட்ரோல் வண்டியாக இருந்து, புகைச் சோதனை கட்டாயமான கவுன்டியாகவும் இருந்தால் அதன் சான்றும் வேண்டும். மாநிலத்தின் பொதுப் பாதுகாப்புச் சோதனை சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு 2025 ஜனவரி 1 முதல் இல்லை. ஆனால் அதற்கு ஈடான 7.50 டாலர் கட்டணம் தொடர்கிறது.

விற்பனை வரி 6.25 விழுக்காடு. இதில் புதியவர்கள் அறியாத சுருக்கெழுத்து எஸ்.பி.வி. அந்த வண்டிக்கு மாநிலம் கணிக்கும் சந்தை மதிப்பு அது. தனியாரிடம் வாங்கும்போது, நீங்கள் கொடுத்த விலை, எஸ்.பி.வி.யில் 80 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அதற்கு வரி. வண்டியை 18,000 டாலருக்கு வாங்கி, எஸ்.பி.வி. 24,000 என்று இருந்தால் 19,200க்கு வரி விழும்: 1,200 டாலர். மாநில வாகனத் துறையின் இணையதளத்தில் வின்னையும் ஓடிய மைலையும் கொடுத்தால் எஸ்.பி.வி. தெரியும். பணத்தைத் தயார் செய்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி உண்மையிலேயே மோசமான நிலையில் இருந்து விலை குறைந்திருந்தால், 20 வேலை நாள்களுக்குள் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் 14-128 படிவத்தில் மதிப்பீடு வாங்கிக் கொடுக்கலாம். விற்பனை நிலையத்தில் வாங்கினால் எஸ்.பி.வி. பொருந்தாது.

டைட்டில் கட்டணம் கவுன்டியைப் பொறுத்து 28 அல்லது 33 டாலர். பதிவுக் கட்டணம் 6,000 பவுண்டு வரை 50.75 டாலர், 6,001 முதல் 10,000 வரை 54 டாலர். உள்ளூர்க் கட்டணங்கள் தனி. விற்பவர் தம் எண் பலகையைக் கழற்றிக்கொள்ளலாம் என்பதால், வரி அலுவலகம் வரை ஓட்டிச் செல்ல என்ன அனுமதி வேண்டும் என்பதை மாநில இணையதளத்தில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் வாங்கினால் இரண்டு நாள் வீணாகும். நான் செவ்வாய்க்கிழமை காலையில் விற்பவரை வரி அலுவலக வாசலுக்கே வரச் சொல்லி, அங்கேயே பணத்தையும் டைட்டிலையும் மாற்றிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அந்த வண்டியின் கதவு ஸ்டிக்கரில் இருந்த பேலோட் 1,712 பவுண்டு. எங்கள் 1,405 போக 307 மிச்சம்.